பப்மெட் சென்ட்ரலும் அதன் பின்வாசலும்

அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த மருத்துவ ஆராய்ச்சியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்கிறார்கள். நடைமுறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்தப் பேப்பர் பப்மெட் சென்ட்ரலில் இருக்கிறது. பி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் களஞ்சியத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000 பிப்ரவரியில் தொடங்கியது. அன்று அதில் இருந்தவை பி.என்.ஏ.எஸ்., மாலிக்யூலர் பயாலஜி ஆஃப் தி செல் என்ற இரண்டே ஜர்னல்கள். இன்று 1 கோடிக்கும் மேற்பட்ட முழுக் கட்டுரைகள் இருக்கின்றன.

இதற்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் படிக்க வருபவர்களுக்கு. பின்வாசல் பேப்பரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்களுக்கு. அதன் பெயர் என்.ஐ.ஹெச்.எம்.எஸ்., அதாவது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.ஹெச்.) மேனுஸ்கிரிப்ட் பதிவேற்ற அமைப்பு. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்வாசலுக்கு ஐந்துக்கு நாலரை. பின்வாசலுக்கு மூன்று, அதில் அரை மதிப்பெண் இலவசம் என்பதற்காக. மென்பொருள் மோசம் என்பதால் குறைக்கவில்லை. 'ஜர்னல் பார்த்துக்கொள்ளும்' என்று ஆசிரியர் நினைக்க, 'ஆசிரியர் பொறுப்பு' என்று விதி சொல்ல, நடுவில் பேப்பர் மாதக்கணக்கில் தொங்குவதை இந்த அமைப்பு போதிய சத்தத்தோடு சொல்வதில்லை. குறைத்தது அதற்காகத்தான்.

விதி எங்கே நிற்கிறது

என்.ஐ.ஹெச். மானியத்தில் நடந்த ஆய்வின் பேப்பரைப் பி.எம்.சி.யில் ஒப்படைப்பது 2005இல் வெறும் வேண்டுகோள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவாக நுழைந்து, 2008 ஏப்ரல் 7 முதல் ஏற்கப்படும் பேப்பர்களுக்குக் கட்டாயமானது. ஆனால் ஜர்னல் கேட்டால் 12 மாதம் வரை பூட்டி வைக்கலாம் என்ற சலுகை இருந்தது. கட்டாயத்துக்குப் பல் முளைத்தது 2013 ஜூலையில்: பேப்பர் ஒப்படைக்கப்படாவிட்டால் அடுத்த ஆண்டுக்கான மானியத் தவணையை நிறுத்தி வைக்கத் தொடங்கினார்கள். 2022 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் அறிவியல் கொள்கை அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் 'பூட்டே வேண்டாம்' என்று சுற்றறிக்கை அனுப்பியது. என்.ஐ.ஹெச். அதற்கேற்ற புதிய விதியை 2024 டிசம்பரில் வெளியிட்டு, 2025 டிசம்பர் 31 முதல் என்று தேதி குறித்தது. பிறகு அந்தத் தேதியை 2025 ஜூலை 1க்கு முன்னுக்கு இழுத்தது.

ஆக இன்றைய நிலை இது. 2025 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ ஜர்னல் ஏற்றுக்கொண்ட பேப்பர் என்றால், ஏற்றவுடன் ஒப்படைக்க வேண்டும். ஜர்னலில் அதிகாரபூர்வமாக வெளியாகும் நாளிலேயே பி.எம்.சி.யிலும் திறந்துவிடும். 12 மாதம், 6 மாதம் எதுவும் கிடையாது. அதற்கு முன் ஏற்கப்பட்டவற்றுக்குப் பழைய 12 மாதக் கணக்கு. எந்த விதி என்று முடிவாவது ஏற்பு நாளை வைத்து. பேப்பரை அனுப்பிய நாளோ வெளியான நாளோ அல்ல. இந்த ஒன்றில் குழம்புகிறவர்கள் நிறைய. 2025 மார்ச்சில் அனுப்பி ஆகஸ்டில் ஏற்கப்பட்ட பேப்பருக்குப் புதிய விதிதான்.

யாருடைய பேப்பர் உள்ளே வருகிறது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பெரிய திட்ட மானியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாணவரின் ஃபெலோஷிப், பயிற்சி மானியம், ஆய்வு மையத்துக்கான மானியம், துணை ஒப்பந்தம் எல்லாம் சேரும். மையத்தின் கருவியைப் பயன்படுத்திவிட்டு மரியாதைக்காக அந்த மானிய எண்ணை நன்றியுரையில் போட்டால், அந்த மையத்தின் கணக்கில் உங்கள் பேப்பர் ஏறிவிடும். ஒப்படைக்காவிட்டால் அங்கே விதி மீறல் என்று சிவப்புப் புள்ளியாக நிற்கும். மையத்தின் மேலாளர் உங்களைத் தேடி வருவார். என்.ஐ.ஹெச்.சின் சொந்த ஆய்வாளர்களும் விதிக்குள்தான். சென்னை சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் என்.ஐ.ஹெச். நடத்தும் ஆய்வு மையத்திலிருந்து வரும் பேப்பர்களைப் பி.எம்.சி.யில் தேடினால் கிடைப்பது இதனால்தான். வேலை எந்த நாட்டில் நடந்தது என்பது பொருட்டல்ல, பணம் எங்கிருந்து வந்தது என்பதே கணக்கு.

தலையங்கம், கடிதம் போன்று சக ஆய்வாளர் மதிப்பீடு இல்லாமல் வருபவை விதிக்கு வெளியே. ப்ரிப்ரின்ட் (மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவில் வைக்கும் பிரதி) போட்டுவிட்டோம், அது போதாதா என்றால், போதாது. இன்னொரு வேடிக்கை: 2008 விதிக்கான விளக்கத்தில், ரோமன் அல்லாத எழுத்தில் அச்சான கட்டுரையை ஒப்படைக்கத் தேவையில்லை என்று இருந்தது. அமைப்பால் அந்த எழுத்துகளைக் கையாள முடியாது என்பதுதான் காரணம். அன்று தமிழில் எழுதியிருந்தால் விதி தொட்டிருக்காது!

முன்வாசல்: படிப்பவர் பார்வையில்

கணக்கு வேண்டாம், கட்டணம் வேண்டாம், கல்லூரி நெட்வொர்க் வேண்டாம். இந்தியாவில் 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டன. நல்ல திட்டம்தான். ஆனால் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் கிளினிக் டாக்டருக்கும், சுயநிதிக் கல்லூரி மாணவருக்கும், நோயாளியின் மகனுக்கும் அந்தக் கதவு திறக்காது. பி.எம்.சி. அவர்களுக்கும் திறக்கும்.

இங்கே இரண்டு வகைப் பேப்பர் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். ஒன்று, ஜர்னலே கொடுத்த இறுதிப் பதிப்பு. அச்சில் எப்படியோ அப்படியே இருக்கும். மற்றது ஆசிரியர் ஒப்படைத்த ஏற்புப் பிரதி. அதாவது மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தமெல்லாம் முடித்து, ஜர்னல் 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொன்ன, ஆனால் ஜர்னலின் காப்பி எடிட்டரும் பக்க வடிவமைப்பாளரும் இன்னும் தொடாத பிரதி. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. பி.டி.எஃப்.பைத் திறந்தால் இடது ஓரத்தில் 'ஆத்தர் மேனுஸ்கிரிப்ட்' என்ற சொல் செங்குத்தாக மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப வரும். இறுதிப் பதிப்பு எந்த ஜர்னலில், எந்த டி.ஓ.ஐ.யில் (பேப்பரின் நிரந்தர இணைய அடையாள எண்) என்ற வரி முதல் பக்கத்தில் இருக்கும். படங்கள் உரைக்கு நடுவில் இல்லாமல் மேற்கோள் பட்டியலுக்குப் பிறகு மொத்தமாகக் கடைசியில் வரும். பக்க எண்ணும் ஜர்னல் பக்க எண்ணோடு ஒத்துப்போகாது. ஆகவே பி.எம்.சி. பிரதியைப் பார்த்துப் பக்க எண் போட்டு மேற்கோள் காட்டக் கூடாது.

அறிவியல் உள்ளடக்கம் இரண்டிலும் ஒன்றுதான் என்று நம்பலாம், ஒரு எச்சரிக்கையோடு. மருந்தளவு, அட்டவணை எண் போன்றவற்றில் மெய்ப்புத் திருத்தும்போது கடைசி நேரத்தில் ஆசிரியர் ஒரு புள்ளியைத் திருத்தியிருக்கலாம். அந்தத் திருத்தம் ஏற்புப் பிரதியில் இருக்காது. சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் டி.ஓ.ஐ. இணைப்பைத் தட்டி, பிழைதிருத்தமோ திரும்பப் பெறல் அறிவிப்போ வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

'இலவசமாகப் படிக்கலாம்' என்பதும் 'எடுத்துப் பயன்படுத்தலாம்' என்பதும் வேறு. பி.எம்.சி.யில் இருப்பவற்றில் பலவற்றின் காப்புரிமை இன்னமும் ஜர்னலிடமோ ஆசிரியரிடமோதான். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பாடநூலில் போட அனுமதி வாங்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்றவை தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவற்றில் மட்டும் உரிமத்தின் வரையறைக்குள் சுதந்திரம் உண்டு.

அரை மதிப்பெண் எங்கே போனது? மொத்தமாகப் பேப்பர் இறக்குபவர்கள் படும் பாட்டுக்கு. வலைப்பக்கங்களை ஸ்கிரிப்ட் வைத்து உறிஞ்சினால் உங்கள் ஐ.பி. முகவரி முடக்கப்படும், ஒரு மாணவர் செய்தால் முழு விடுதியும் மாட்டிக்கொள்ளும். அதற்கென்று வைத்திருக்கும் வழிகளில் போக வேண்டும்: அமேசான் கிளவுடில் இருக்கும் கட்டுரைத் தொகுப்பு, அல்லது நிரல் வழியாகக் கோரிக்கை அனுப்பும் ஈ-யுடிலிட்டீஸ். பின்னதில் ஏ.பி.ஐ. சாவி இல்லாமல் நொடிக்கு 3 கோரிக்கை, சாவியோடு 10. சாவி இலவசம்தான். வழிமுறை இருக்கிறது, ஆனால் அதற்கான விளக்கப் பக்கங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

பின்வாசல்: ஒப்படைப்பவர் பார்வையில்

உள்ளே நுழையுமுன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: என் பேப்பரை யார் ஒப்படைப்பது? பல ஆண்டுகளாக ஏ, பி, சி, டி என்று நான்கு வழிகளாகச் சொல்லி வருகிறார்கள்.

ஏ வழியில் ஜர்னலே எல்லாப் பேப்பர்களின் இறுதிப் பதிப்பையும் பி.எம்.சி.க்கு நேராக அனுப்பிவிடும். பி.எல்.ஓ.எஸ்., பயோமெட் சென்ட்ரல் (BMC) போன்ற பதிப்பகங்களின் ஜர்னல்கள் இப்படி. (ஆங்கிலத்தில் பப்மெட் சென்ட்ரல் PMC, பயோமெட் சென்ட்ரல் BMC; தமிழ் எழுத்தில் இரண்டும் பி.எம்.சி. ஆகிவிடுவதால் விளையும் குழப்பத்துக்குத் தனிக் கட்டுரை எழுதலாம்.) ஆசிரியருக்கு இங்கே வேலை இல்லை. பி வழியில் ஜர்னல் அனுப்பும், ஆனால் ஆசிரியர் கேட்டால், பெரும்பாலும் ஓப்பன் ஆக்சஸ் (ஜர்னலிலேயே எல்லோருக்கும் இலவசமாகத் திறப்பது) கட்டணம் கட்டினால். சி வழியில் நீங்களே பின்வாசலில் ஏற்புப் பிரதியைப் பதிவேற்றுவது. டி வழியில் பதிப்பகம் ஏற்புப் பிரதியைப் பின்வாசலில் போட்டுவிடும். மீதியை நீங்கள் முடிக்க வேண்டும்.

மோசமாக மாட்டுவது டி வழிக்காரர்கள்தான். 'பதிப்பகம் போட்டுவிட்டது' என்பதைக் கேட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பதிப்பகம் போடுவது கோப்பை மட்டும். ஒப்புதல் கொடுக்க வேண்டியது ஆசிரியர்களில் ஒருவர். ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வரும், அது தொடர்பு ஆசிரியரின் பழைய முகவரிக்குப் போகும், அல்லது குப்பை அஞ்சலில் விழும், பேப்பர் அதே படியில் நின்றுவிடும். பதிப்பகம் போடவே மறந்த பேப்பர்களும் உண்டு. பேப்பர் அனுப்பும்போது நிதி விவரப் பெட்டியில் 'என்.ஐ.ஹெச்.' என்று தேர்ந்தெடுக்காமல் நன்றியுரையில் மட்டும் எழுதியிருந்தால், பதிப்பகத்தின் கணினிக்கு அது தெரியாது. எங்கள் தீர்ப்பு: ஏ வழி ஜர்னல் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, காத்திருக்காமல் சி வழியில் நீங்களே போட்டுவிடுங்கள். பின்னால் பதிப்பகமும் போட்டால் இரட்டைப் பதிவு வரும். அதை உதவி மேசைக்கு எழுதி நீக்கிக்கொள்ளலாம். இரண்டு இருப்பது ஒன்றும் இல்லாததைவிட மேல்.

இனி படிப்படியாக.

நுழைவு. பல வழிகளில் நுழையலாம்: என்.ஐ.ஹெச். மானியக் கணக்கான ஈரா காமன்ஸ், தேசிய மருத்துவ நூலகத் தளங்களுக்கான மை என்.சி.பி.ஐ. கணக்கு, இன்னும் சில. எப்போதும் ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று நுழைந்தால் இரண்டு தனிக் கணக்குகள் உருவாகி, முதலில் போட்ட பேப்பர் இரண்டாவதில் தெரியாது. 'காணாமல் போனது' என்று பதறப்படும் பேப்பர்களில் ஒரு பகுதி இப்படித்தான். முதன்மை ஆய்வாளர் ஈரா காமன்ஸ் வழியாக வருவது நல்லது. அவருடைய மானியங்கள் அப்படியே பட்டியலில் வந்துவிடும். பதிவேற்றும் வேலையை மாணவரோ நூலகரோ அலுவலக உதவியாளரோ செய்யலாம். ஆனால் 'ரிவ்யூவர்' என்ற பொறுப்பு ஆசிரியர் ஒருவருக்கோ முதன்மை ஆய்வாளருக்கோதான். பெயரைப் பார்த்து இது மதிப்பீட்டாளர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்புதல் தருபவர் என்று பொருள்.

விவரம். ஜர்னல் பெயர், தலைப்பு. பேப்பர் ஏற்கனவே பப்மெட்டில் (பேப்பர் சுருக்கங்களின் தேடுதளம்) இருந்தால் அங்கிருந்தே விவரங்களை இழுத்துக்கொள்ளலாம். ஏற்ற அன்றே போடும்போது இருக்காது, கையால் தட்ட வேண்டும். தலைப்பை ஏற்புப் பிரதியில் உள்ளபடியே கொடுங்கள். பிறகு ஜர்னல் தலைப்பை மாற்றினால் பொருத்தும் கட்டத்தில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

மானியம். எண் மூன்று துண்டுகளாக இருக்கும்: ஆர்01 போன்ற திட்ட வகைக் குறி, எந்த நிறுவனம் என்று சொல்லும் இரண்டு எழுத்து, ஆறு இலக்க வரிசை எண். வரிசை எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்தே தட்ட வேண்டும்; விட்டுவிட்டால் தேடலில் வராது. நன்றியுரையில் எத்தனை மானியம் இருக்கிறதோ அத்தனையையும் இங்கே இணையுங்கள். ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை விட்டால், விட்ட மானியத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் பேப்பர் தலை காட்டாது.

கோப்புகள். இங்கேதான் திருப்பி அனுப்பப்படுவது அதிகம். வேர்டு கோப்பாகக் கொடுப்பது உத்தமம். திருத்தக் குறிகள் (ட்ராக் சேஞ்சஸ்) எல்லாம் ஏற்கப்பட்டு, ஓரக் குறிப்புகள் நீக்கப்பட்டிருக்க வேண்டும். மதிப்பீட்டாளருக்கு எழுதிய பதில் கடிதம், முகப்புக் கடிதம் வேண்டாம். படங்கள் தனித்தனிக் கோப்பாக, ஜர்னலுக்குக் கொடுத்த அதே துல்லியத்தில். படம் 1 முதல் 6 வரை உரையில் சொல்லப்பட்டு ஐந்து கோப்புதான் இருந்தால் ஊழியர் நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்புவார். இணைப்புத் தகவல்கள், வீடியோ, எக்செல் அட்டவணை எல்லாம் ஏற்புப் பிரதியின் பகுதிதான், விடக் கூடாது. சமன்பாடுகளை வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் எழுதியிருந்தால் பிழைக்கும். ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டியிருந்தால் மாற்றத்தில் மங்கிப்போகும்.

ஜர்னல் வடிவமைத்த அழகான பி.டி.எஃப்.பைப் போடாதீர்கள். அது பதிப்பகத்தின் வடிவம். அவர்களிடம் தனி அனுமதி இருந்தால் தவிர ஒப்படைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 'இதைவிட அது பார்க்க நன்றாக இருக்கிறதே' என்பதுதான் அடிக்கடி கேட்கும் சாக்கு. முதல் முறை அனுப்பிய வரைவைப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. திருத்தத்துக்கு முந்தைய முடிவுகள் உலகுக்கே திறந்துவிடும்.

முதல் ஒப்புதல். பதிவேற்றியதும் கோப்புகள் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஒரு பி.டி.எஃப். கிடைக்கும். ரிவ்யூவர் அதைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, உரிமை அறிக்கைக்குச் சம்மதித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். பழைய விதியின் பேப்பர் என்றால் எத்தனை மாதம் பூட்டு என்பதும் இங்கேதான். புதியது என்றால் பூஜ்யம்.

மாற்றம். இப்போது ஊழியர்கள் பேப்பரைக் கணினி பகுதி பகுதியாகப் புரிந்துகொள்ளும் எக்ஸ்.எம்.எல். வடிவமாக்குகிறார்கள். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இதில்தான். பி.டி.எஃப்.பை வாங்கி அலமாரியில் வைக்கும் களஞ்சியங்கள் பல. இங்கே ஒவ்வொரு மேற்கோளும் அட்டவணையும் படக்குறிப்பும் தனித்தனியாகக் குறியிடப்படுகிறது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்கிறது, மேற்கோளைத் தொட்டால் அந்தப் பேப்பருக்குப் போகிறது, கணினியால் உள்ளே தேட முடிகிறது. இதையெல்லாம் ஆசிரியரிடம் ஒரு பைசா வாங்காமல் செய்கிறார்கள். வாரக்கணக்கில் ஆகிறது என்று குறைப்படலாம். செய்யும் வேலையைப் பார்த்தால் நியாயமான நேரம்தான்.

இரண்டாவது ஒப்புதல். மிக அதிகமாகப் பேப்பர் தேங்குவது இங்கே. 'ஏற்கனவே ஒப்புதல் கொடுத்துவிட்டோமே, இது ஏதோ நினைவூட்டல்' என்று நினைத்து இரண்டாவது மின்னஞ்சலை அழித்துவிடுகிறார்கள். இது வேறு. மாற்றப்பட்ட வடிவத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கிரேக்க எழுத்துகள், கழித்தல் குறி, மைக்ரோ குறி, மேலெழுத்து, அட்டவணையில் நெடுவரிசை இடம் மாறியது ஆகியவற்றை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மாற்றத்தில் வந்த பிழையைத் திருத்தக் கேட்கலாம். வாக்கியத்தை மெருகேற்றுவது, புதிய மேற்கோள் சேர்ப்பது, மெய்ப்பில் செய்த மாற்றத்தை இங்கும் கொண்டுவருவது இதெல்லாம் ஏற்கப்படாது.

எண். பேப்பர் ஜர்னலில் வெளியாகி விவரங்கள் பொருத்தப்பட்ட பிறகு பி.எம்.சி.ஐ.டி. கிடைக்கும். 'பி.எம்.சி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் அது. வெறும் எண்ணாக இருக்கும் பி.எம்.ஐ.டி. வேறு, அது பப்மெட்டில் சுருக்கம் இருக்கிறது என்பதற்கான எண் மட்டுமே. ஒப்படைத்ததற்கு அது சான்றே அல்ல. மானிய விண்ணப்பங்களில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பதை இன்னமும் பார்க்கலாம். பின்வாசலில் நுழைந்ததும் கிடைக்கும் என்.ஐ.ஹெச்.எம்.எஸ். எண்ணும் நிரந்தரமல்ல. 2008 விதியின் நடைமுறையில், பேப்பர் வெளியாகி 3 மாதம் வரைதான் அந்தத் தற்காலிக எண் செல்லுபடியாகும்.

கையெழுத்திடும் முன்

பின்வாசலில் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், ஜர்னலோடு போட்ட ஒப்பந்தம் தவறாக இருந்தால் தலைவலிதான். பேப்பர் ஏற்கப்பட்ட சில நாளில் பதிப்பகத்திலிருந்து ஒரு இணைப்பு வரும். திறந்தால் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஓப்பன் ஆக்சஸ், பக்கத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். மற்றதில் சந்தா முறை, கட்டணம் இல்லை. கீழே சிறிய எழுத்தில், ஏற்புப் பிரதியைக் களஞ்சியத்தில் 12 மாதம் கழித்தே திறக்கலாம் என்ற வரி. பூஜ்ய மாதம் கேட்கும் விதியோடு இந்த வரி நேராக மோதும்.

வழி இருக்கிறது. மானியத்தை ஏற்றுக்கொண்ட அன்றே, அதிலிருந்து வரும் மேனுஸ்கிரிப்டைப் பொதுவில் வைக்கும் உரிமை அரசுக்குப் போய்விடுகிறது. பதிப்பக ஒப்பந்தம் அதற்குப் பிறகு வருவது. இதைப் பதிப்பகம் பின்னால் அறிந்து வம்பு வளர்ப்பதைவிட முன்பே சொல்லிவிடுவது மேல் என்பதால், பேப்பரின் நன்றியுரையிலேயே போடத்தக்க ஒரு மாதிரி வாசகத்தை என்.ஐ.ஹெச். கொடுத்திருக்கிறது. இந்த மேனுஸ்கிரிப்ட் முழுதாகவோ பகுதியாகவோ என்.ஐ.ஹெச். நிதியில் உருவானது, அதன் பொது அணுகல் விதிக்கு உட்பட்டது, வெளியாகும் நாளில் பி.எம்.சி.யில் வைக்க என்.ஐ.ஹெச்.சுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஏற்ற பிறகு சேர்ப்பதைவிட முதல் முறை அனுப்பும்போதே சேர்ப்பது நல்லது. முகப்புக் கடிதத்திலும் ஒரு வரி. அப்படியும் 12 மாத வரி உள்ள படிவம் வந்தால், தட்டுவதற்கு முன் பல்கலைக்கழக நூலகத்தின் காப்புரிமைப் பிரிவைக் கேளுங்கள். தட்டிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

கட்டணம் பற்றி ஒரு தெளிவு. பி.எம்.சி.யில் ஒப்படைக்கக் கட்டணமே கிடையாது. விதியைக் கடைப்பிடிக்க ஓப்பன் ஆக்சஸ் பெட்டியைத்தான் தட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பதிப்பகங்கள் பூஜ்ய மாதத்தைச் சும்மா விடுவதாகவும் இல்லை. அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி 2023இல் அறிவித்த ஏற்பாட்டில், ஏற்புப் பிரதியைப் பூட்டின்றி களஞ்சியத்தில் வைக்க விரும்புபவருக்கு 2,500 டாலர். அரசு மானியத்திலிருந்து வெளியீட்டுச் செலவு கொடுக்கலாம். ஆனால் நிதி யாருடையதாக இருந்தாலும் எல்லா ஆசிரியர்களிடமும் ஒரே மாதிரி வாங்கும் கட்டணமாக அது இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி நிதி விதி. அரசு மானியக்காரருக்கு மட்டும் ஒரு ரேட் என்றால் கணக்கு அலுவலகம் கையைப் பிடிக்கும்.

கண்காணிக்கும் கருவிகள்

மை என்.சி.பி.ஐ.யின் 'மை பிப்ளியோகிராஃபி' பக்கத்தில் பேப்பருக்குப் பக்கத்தில் வண்ணப் புள்ளி வரும். பச்சை என்றால் முடிந்தது, மஞ்சள் என்றால் நடக்கிறது, சிவப்பு என்றால் விதி மீறல். பலரும் மஞ்சளைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். உங்கள் இரண்டாவது ஒப்புதலுக்காக நிற்கும் பேப்பரும் மஞ்சள்தான், ஊழியர் கையில் இருப்பதும் மஞ்சள்தான். பின்வாசலுக்குள் போய்ப் பார்த்தால்தான் பந்து யார் பக்கம் என்று தெரியும். இந்தச் சேவையில் உடனே திருத்த வேண்டியது எது என்று கேட்டால் இந்த மஞ்சளைத்தான் சொல்வோம்.

ஆண்டறிக்கை இந்தப் பட்டியலிலிருந்தே பேப்பர்களை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான ஆர்01 மானியத்துக்கு அறிக்கைக் கெடு மானியத்தின் அடுத்த ஆண்டு தொடங்க 45 நாள் முன்பு. வாரக்கணக்கில் ஆகும் வேலையை அந்த 45 நாளுக்குள் திணிக்க முயல்வதால்தான் தவணை தாமதமாகிறது. கெடுவுக்கு நான்கு மாதம் முன்பே ஒரு முறை புள்ளிகளைப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது.

நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு கண்காணிப்புக் கருவி உண்டு; நிறுவனத்தின் எல்லா மானியப் பேப்பர்களையும் முடிந்தவை, நடப்பவை, மீறியவை என்று பிரித்துக் காட்டும். நூலகர்களுக்கு நல்ல கருவி. அவசரத்துக்கு எளிமையானது அடையாள எண் மாற்றி: டி.ஓ.ஐ.யை ஒட்டினால் பி.எம்.சி.ஐ.டி. இருந்தால் காட்டும். ஒரே நேரத்தில் பல எண்களைக் கொடுக்கலாம். பத்தாண்டுப் பேப்பர் பட்டியலை ஒரு டீ ஆறுவதற்குள் சரிபார்த்துவிடலாம்.

மற்ற துறைகள்

தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குத் தனிக் களஞ்சியம், பி.டி.எஃப்./ஏ (காப்பகங்களுக்கான பி.டி.எஃப். வகை) வடிவில் கேட்கிறது, எக்ஸ்.எம்.எல். மாற்றம் கிடையாது. ஒப்படைப்பது எளிது, படிப்பவருக்குக் கிடைப்பது குறைவு. எரிசக்தித் துறை 2014இல் தொடங்கிய பேஜஸ் தேடுதளத்தை நடத்துகிறது. இரண்டு துறை நிதியும் கலந்த பேப்பர் என்றால் ஒரு களஞ்சியத்தில் போட்டால் மற்றது தானாக நிறைவேறும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மானியத்தின் நிபந்தனையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐரோப்பாவில் யூரோப் பி.எம்.சி. இதே உள்ளடக்கத்தைப் பிரதிபலிக்கிறது. தேடல் பக்கம் அதில் இன்னும் வசதி. கனடாவின் பி.எம்.சி. 2009இல் தொடங்கி 2018இல் மூடப்பட்டது.

பழைய சிவப்புப் புள்ளிகளுக்கு

ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய பேப்பர் ஒன்று சிவப்பாக நிற்கிறது, மாணவர் போய்விட்டார், கோப்பு யாரிடமும் இல்லை. இந்த நிலையில் முதலில் அது உண்மையிலேயே விதிக்குள் வருகிறதா என்று பாருங்கள்: ஏற்பு நாள் 2008 ஏப்ரல் 7க்கு முன்பா, மானியம் தவறாக இணைக்கப்பட்டதா. தவறான இணைப்பு என்றால் மை பிப்ளியோகிராஃபியிலேயே நீக்கலாம். ஏ வழி ஜர்னல் என்றால் பின்வாசலில் போட முயலாமல் ஜர்னலுக்கு எழுதுங்கள். பிழை அவர்கள் பக்கம்.

மற்றபடி ஏற்புப் பிரதியைத் தேட வேண்டியதுதான். லேப் கணினியில் தேடுவதற்கு முன் ஜர்னலின் பதிவேற்றத் தளத்தில் தொடர்பு ஆசிரியரின் பழைய கணக்கில் நுழைந்து பாருங்கள். கடைசியாக அனுப்பிய திருத்தப் பதிப்பும் படக் கோப்புகளும் பல தளங்களில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்தது இணை ஆசிரியர்களின் மின்னஞ்சல்; தலைப்பை வைத்துத் தேடாமல் ஏற்பு நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். கோப்புப் பெயரில் 'ஃபைனல்' என்று இருப்பதை நம்ப வேண்டாம். ஜர்னலில் வெளியான அட்டவணையோடு எண்களை ஒத்துப்பார்த்து உறுதி செய்யுங்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் வெளியான பி.டி.எஃப்.பைப் பின்வாசலில் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். டி.ஓ.ஐ., மானிய எண், 'பி.எம்.சி.யில் ஒப்படைக்க' என்ற சொற்கள் கடிதத்தில் இருக்கட்டும். அனுமதி மின்னஞ்சலில் வந்தாலே போதும். அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, பதிவேற்றும்போது வேர்டு கோப்பு கேட்கும் இடத்தில் அந்த பி.டி.எஃப்.பைப் போடுங்கள்.